மானியமும் வேலைவாய்ப்பும்

சயானிலும் தாராவியிலும் தையற்கூடமோ தோல்பொருள் பட்டறையோ தொடங்க முன்வரும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, மானியம் எவ்வளவு கிடைக்கும் என்பதே. எத்தனை பேருக்கு வேலை தர இயலும் என்பதையும் உடன் கணக்கிடுமாறு வேண்டுகிறோம்.

2008-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், நகர்ப்புறப் பெண் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 25 விழுக்காடு மானியம் உண்டு. 10 லட்சம் ரூபாய்க்கு 2.5 லட்சம். இத்தொகை உடனே கைக்கு வராது. மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருக்கும். அதற்கு ஈடான கடனுக்கு வட்டி இல்லை. தொழிற்கூடம் இயங்குவதை நேரில் சரிபார்த்த பின்னரே கடனில் வரவு வைக்கப்படும். ஆயினும் மானியத்தின் அளவு திட்டச் செலவைப் பொறுத்ததே. பணியாளர் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று.

2025 ஆகஸ்டு 1 முதல் நடைமுறையிலுள்ள பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம் இதனினும் வேறுபட்டது. 50 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் நிறுவனம், கூடுதலாக இருவரையேனும் சேர்த்து, ஆறு மாதமாவது பணியில் வைத்திருந்தால், ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை உரிமையாளர் பெறலாம். இதற்கு வருங்கால வைப்பு நிதிப் பதிவு கட்டாயம். 20 பேருக்குக் குறைவான பட்டறைகளும் தாமாக முன்வந்து பதியலாம்.

பதிவின்றிக் கையில் கூலி தரும் பட்டறையில் பத்துப் பேர் உழைத்தாலும், இத்திட்டத்தின் கணக்கில் ஒருவரும் இல்லை. ஆகவே, பணியாளர் ஊதியத்தை வங்கிக் கணக்கின் வழியே வழங்குங்கள். வைப்பு நிதிப் பதிவும் இருந்தால், தகுதிக்கேற்ப உதவித்தொகை உங்களுக்கும், வைப்பு நிதி அவர்களுக்கும் சேரும்.