சீரத்தை நீர்க்கச் செய்யும் கணக்கு

குருதியைக் கண்ணாடிக் குழாயிலிட்டு அசையாது வைத்தால் சிறிது நேரத்தில் உறைந்து கட்டியாகும். கட்டி சுருங்கச் சுருங்க, வைக்கோல் நிறமான தெளிநீர் பிரிந்து வரும். அதுவே சீரம். நோயை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் அதில் உள்ளன. அவை உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு உண்டு என்றும் அறிதல் வேண்டும். அதற்காகவே சீரத்தை நீர்க்கச் செய்வர்.

இதற்கு மலாயாவிலேயே தக்க சான்று உண்டு. டைபஸ் காய்ச்சல் கண்டவரின் சீரம் 'புரோட்டியஸ்' என்னும் நுண்ணுயிரைத் திரளச் செய்வதை 1916-இல் வைல், பெலிக்ஸ் என்னும் இருவர் கண்டனர். 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெட்சர் முதலானோர் இச்சோதனையைக் கையாண்டபோது ஒரு விந்தை புலப்பட்டது. நகர்ப்புற நோயாளிகளின் சீரம் ஓ.எக்ஸ்.19 என்ற வகையைத் திரட்டியது. தோட்டப்புறத்தாரின் சீரமோ, கிங்ஸ்பரி என்பார் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த ஓ.எக்ஸ்.கே. வகையைத் திரட்டியது. முன்னது எலித் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. செம்பனைத் தோட்டத் தொழிலாளரை வருத்திய பின்னது, புதரில் வாழும் சிற்றுண்ணியால் பரவுவது. குளோரம்பெனிக்கால் இந்நோயைத் தீர்க்கும் என்று 1948-இல் கோலாலம்பூரிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின், இக்காய்ச்சலை மலேரியாவினின்று பிரித்தறிதல் உயிரைக் காக்கும் செயலாயிற்று.

ஆயின் நலமுடையவரின் சீரமும், மிகுதியாக நீர்க்காதபோது, சிறிது திரட்டக்கூடும். எனவே பத்துக் குழாய்களை வரிசையாக நிறுத்துவர். முதற்குழாயில் 1.9 மில்லிலீட்டர் உப்புநீரும் 0.1 மில்லிலீட்டர் சீரமும் இடுவர். இது 20-இல் ஒரு பங்கு. மற்றவற்றில் 1 மில்லிலீட்டர் உப்புநீர் மட்டும். முதலிலிருந்து 1 மில்லிலீட்டரை இரண்டாவதில் கலந்தால் 40-இல் ஒரு பங்கு, அடுத்தது 80, பத்தாவது 10,240. உப்பு 0.85 விழுக்காடு இருத்தல் வேண்டும். உப்பில்லா நீரில் நுண்ணுயிர்கள் ஒழுங்காகத் திரளா. பின்னர் நுண்ணுயிர்க் கலவையைச் சம அளவு சேர்க்கும்போது ஒவ்வொரு குழாயும் மீண்டும் இருமடங்கு நீர்க்கிறது. இதைக் கணக்கில் சேர்க்க மறப்பவர் பலர். திரளல் தெரியும் கடைசிக் குழாயின் எண்ணே விடையாகும்.

கை சற்றுத் தவறினால் என்னாகும்? ஒவ்வொரு முறையும் 1 மில்லிலீட்டருக்குப் பதில் 0.9 எடுத்தால், ஒன்பது மாற்றங்களுக்குப் பின் பத்தாவது குழாயில் இருக்கவேண்டியதில் ஏறத்தாழ 61 விழுக்காடே இருக்கும். வகுப்பில் பெருக்கற்கணக்காகப் போட்டுப் பார்க்கத்தக்கது இது. ஆகவேதான் ஒரு குழாய் வேறுபாட்டை மருத்துவர் பொருட்படுத்துவதில்லை. ஒரு வாரமோ இரு வாரமோ கழித்து எடுத்த இரண்டாம் சீரம் இரு குழாய்கள், அதாவது நான்கு மடங்கு, உயர்ந்திருந்தால்தான் நோயை உறுதி செய்வர்.

மற்றொரு பொறியும் உண்டு. எதிர்ப்பொருள் அளவுக்கு மிஞ்சினால் முதற்குழாய்களில் திரளலே தோன்றாது. நீர்த்த பின்னரே தோன்றும். ஒரே குழாயில் சோதித்து 'நோயில்லை' என்பது எவ்வளவு தீங்கு!

இன்று வைல் - பெலிக்ஸ் முறையின் இடத்தைப் பெரும்பாலும் ஒளிர் எதிர்ப்பொருள் சோதனை பற்றியுள்ளது. அங்கும் 64, 128, 256 என்றே சீரத்தை நீர்க்கச் செய்கின்றனர். 'ஒன்றுக்கு நான்கு' என்று எழுதினால், சிலர் ஒரு பங்குடன் நான்கு பங்கு சேர்ப்பர். சிலர் மொத்தம் நான்காக்குவர். 'நான்கில் ஒரு பங்கு' என்று எழுதினால் இக்குழப்பமில்லை.