வங்குரோத்து வழக்கேடுகள்: திறந்த கதவும் தெரியாத வழியும்

வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் அறிவித்ததையடுத்து, 'வங்குரோத்து' என்ற சொல் இந்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால், நாடொன்று வங்குரோத்தடைந்தால் அதனை விசாரித்துத் தீர்ப்பதற்கென நீதிமன்றம் எதுவும் இல்லை. தனிநபரோ கம்பனியோ அந்நிலையை அடைந்தால் அதற்கு நீதிமன்றம் உண்டு, வழக்கேடும் உண்டு. அந்த ஏட்டைத் தேடி எங்கு செல்வது, யாரிடம் கேட்பது, எதனைப் பெற முடியும் என்பன பற்றிய அறிவுதான் எம்மவரிடையே மிகக் குறைவாக உள்ளது.

இது சட்டத்தரணிகளுக்கு மட்டுமுரிய விடயமன்று. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையையும், பிள்ளைகளின் எதிர்காலத்துக்கெனச் சேமித்ததையும், வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பிய தொகையையும் நம்பிக்கையின் பேரில் ஒப்படைப்பவர்கள் எம்மிடையே ஏராளம். புறக்கோட்டையில் பின்திகதியிட்ட காசோலையை வாங்கிக்கொண்டு இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான பொருட்களைக் கடனுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரியின் நிலையும் அதுவே. 2002இல் பிரமுக வங்கி மூடப்பட்டபோதும், 2008இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோதும், 2020இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டபோதும் வைப்பாளர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முன்கூட்டியே அறிந்துகொள்ள எமக்கு வழியே இருக்கவில்லையா? முழுமையான வழி இல்லை என்பது உண்மையே. ஆயினும் இருக்கின்ற வழியையாவது அறிந்து வைத்திருப்பது அவசியமாகும். கொழும்பு நகரை முன்வைத்து அதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

முதலில் தெளிவாக வேண்டியது, தேடப்படுபவர் யார் என்பதாகும். கடையின் பெயர்ப்பலகையில் காணப்படும் பெயர் சட்டத்தின் கண்களில் ஓர் ஆளாக இல்லாதிருக்கலாம். தனிவியாபாரமாகவோ பங்குடைமையாகவோ நடத்தப்படும் நிறுவனத்தின் கடன், அதன் உரிமையாளர்களின் சொந்தக் கடனேயாகும். எனவே அங்கு தேட வேண்டியது கடையின் பெயரையன்று; உரிமையாளரின் பெயரையே. அப்பெயரை வியாபாரப் பெயர்ப் பதிவில் காணலாம். மாறாக, பெயரின் இறுதியில் 'லிமிடட்' என்றோ 'பிஎல்சி' என்றோ இருப்பின் அது கம்பனி. அதன் கடன் அதனுடையதே, பணிப்பாளர்களுடையதன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் தேடத் தொடங்குபவர் தவறான நீதிமன்றத்தில் நாட்களை வீணடிக்க நேரிடும்.

தனிநபரின் வங்குரோத்தை எமது சட்டம் 'கடனிறுக்க வகையற்ற நிலை' என்கின்றது. இதற்கான சட்டத்தின் வேர், பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்ட 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கின்றது. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டமும் இத்தகைய விடயங்களை விசாரிக்கும் நியாயாதிக்கத்தை மாவட்ட நீதிமன்றங்களுக்கே வழங்கியுள்ளது. ஆகவே கொழும்பில் வாழும் அல்லது தொழில் புரியும் ஒருவர் பற்றிய ஏட்டைத் தேடுபவர் செல்ல வேண்டிய இடம் புதுக்கடையிலுள்ள மாவட்ட நீதிமன்றப் பதிவகமாகும். அவர் வேறொரு மாவட்டத்திலும் வாழ்ந்திருப்பின் அங்கும் தேட வேண்டும் என்பது மறக்கப்படலாகாது.

1853ஆம் ஆண்டுச் சட்டத்தில் கவனத்துக்குரிய ஏற்பாடொன்று உண்டு. கடனாளி தனது சொத்துக்களை ஒப்படைத்து நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்பட்ட பின்னர் வழங்கப்படும் சான்றிதழ் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. தவிர்க்க முடியாத நட்டத்தாலும் துரதிர்ஷ்டத்தாலும் வீழ்ந்தவருக்கு முதலாம் வகுப்பு. ஓரளவு தன் செயலாலும் வீழ்ந்தவருக்கு இரண்டாம் வகுப்பு. அத்தகைய துரதிர்ஷ்டம் எதுவுமின்றி வீழ்ந்தவருக்கு மூன்றாம் வகுப்பு. ஒருவர் வீழ்ந்தார் என்பதை மட்டுமன்றி எவ்வாறு வீழ்ந்தார் என்பதையும் அந்த ஏடு சொல்ல வேண்டும் எனச் சட்டம் எதிர்பார்த்தது.

கம்பனிகளைப் பொறுத்தவரை, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமே நடைமுறைக்குரியது. கடனை இறுக்க இயலாத கம்பனியைக் கலைக்குமாறு கோரும் மனு, மேல் மாகாணத்தில் வர்த்தக மேல் நீதிமன்றம் என அழைக்கப்படும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகின்றது. 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக இந்த நியாயாதிக்கம் உருவானது. ஆனால், எல்லாக் கம்பனிகளும் நீதிமன்றத்தின் வழியாகவே கலைக்கப்படுவதில்லை. பங்குதாரர்களின் தீர்மானத்தின் மூலம் தாமாகவே கலைக்கப்படுபவையும் உண்டு. அவற்றுக்கு நீதிமன்றத்தில் வழக்கேடே இல்லாதிருக்கலாம். எனவே நீதிமன்றத்தில் மட்டும் தேடுவது பாதித் தேடலேயாகும்.

இதனால், கம்பனியொன்று பற்றிய தேடலைக் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்திலிருந்து தொடங்குவதே சிறந்தது. பெயரைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பதிவெண்ணைக் குறித்துக்கொள்வது மிக முக்கியம். ஏனெனில் ஒரே மாதிரியான பெயருடைய கம்பனிகள் பல உள்ளன. உரிய கட்டணத்தைச் செலுத்தி அக்கம்பனியின் கோவையைப் பார்வையிடுபவர், பணிப்பாளர்கள் யாவர், பதிவு அலுவலகம் எங்குள்ளது, எந்தச் சொத்துக்கள் வங்கிகளுக்கு ஈடாக வைக்கப்பட்டுள்ளன, கலைப்பு நடவடிக்கை எதுவும் அறிவிக்கப்பட்டுள்ளதா என்பவற்றை அறியலாம். சொத்து முழுவதும் ஈடாக வைக்கப்பட்டிருப்பின், கம்பனி வீழும் நாளில் ஈடில்லாமல் கடன் கொடுத்தவருக்கு மிஞ்சக்கூடியது என்னவென்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வர்த்தமானி. கலைப்புத் தீர்மானங்களும் மனு பற்றிய அறிவித்தல்களும் அதில் வெளியாகின்றன. அண்மைக்கால இதழ்கள் அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1802இல் வெளிவரத் தொடங்கிய இவ்வர்த்தமானியின் பழைய தொகுதிகளைப் புரட்டினால், கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தின் வழக்கெண், கடனாளியின் பெயர், கடன்கொடுத்தோர் கூடவேண்டிய திகதி ஆகியவற்றைத் தாங்கிய அறிவித்தல்களை வரிசையாகக் காணலாம். குடும்ப வரலாற்றையும் வர்த்தக வரலாற்றையும் ஆராய்பவர்களுக்கு, கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் இவ்வகையில் ஒரு புதையலாகும்.

பெயரும் திகதியும் கிடைத்த பின்னரே நீதிமன்றப் பதிவகத்தை நாடுவது பயன்தரும். அங்கு திறவுகோலாக அமைவது வழக்கெண். வர்த்தக மேல் நீதிமன்ற வழக்கெண்களில் 'சீ.ஓ.' என்ற எழுத்துகள் கம்பனி விடயத்தையும் 'எம்.ஆர்.' என்பன பண மீட்பு வழக்கையும் குறிக்கின்றன. பண மீட்பு வழக்கொன்று இருப்பதனால் மட்டும் ஒரு கம்பனி வங்குரோத்தடைந்துவிட்டதாகக் கருதலாகாது. அதேபோன்று, கலைப்பு மனு தாக்கல் செய்யப்படுவது வேறு. கலைப்புக் கட்டளை பிறப்பிக்கப்படுவது வேறு. மனு தள்ளுபடி செய்யப்படலாம். கடன் தீர்க்கப்பட்டு மீளப்பெறவும்படலாம். ஏட்டின் முதற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'அவன் முறிந்துவிட்டான்' எனப் பரப்புபவர், நாளை தாமே அவதூறு வழக்கொன்றில் எதிராளியாக நிற்க நேரிடலாம்.

பிரதி பெறுவதில் சிக்கல் உண்டு. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால் விசாரணை மண்டபத்தின் கதவு திறந்திருப்பதால் வழக்கேட்டின் ஒவ்வொரு தாளும் எவருக்கும் திறந்திருக்கின்றது எனப் பொருளாகாது. பார்வையிட உரிமையுள்ள பொது ஆவணத்தின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் கட்டணம் பெற்று வழங்க வேண்டும் எனச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு விதிக்கின்றது. வழக்கின் தரப்பினரல்லாதவர், தமது அக்கறை யாது என்பதைக் குறிப்பிட்டுச் சட்டத்தரணி ஒருவர் மூலம் விண்ணப்பிப்பதே நடைமுறையில் இலகுவானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கக்கூடும். அச்சட்டம் பகிரங்க அதிகாரசபைகளாகக் கொள்பவற்றுள் நீதிமன்றங்களும் அடங்குகின்றன. கோரிக்கை மீதான தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். நீதித்துறையின் அதிகாரத்துக்கும் பக்கச்சார்பின்மைக்கும் பங்கம் விளைவிக்கக்கூடிய தகவல்கள் மறுக்கப்படலாம் என்பதையும் அதே சட்டம் கூறுகின்றது.

இத்தனை படிகளையும் கடந்து ஏட்டைக் கையிற் பெறும் தமிழ் வாசகருக்கு இறுதியில் எஞ்சுவது மொழித் தடை. சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கின்றது. ஆயினும் தமிழ் நிர்வாக மொழியாக இல்லாத பகுதிகளில் சிங்களமே நீதிமன்றங்களில் பயன்படுத்தப்படும் எனவும் அதுவே சொல்கின்றது. வர்த்தக வழக்குகளில் ஆங்கிலமே மேலோங்கி நிற்கின்றது. நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினருக்கு, ஏட்டின் உரிய பகுதியைத் தமிழிற் பெறும் உரிமையை அவ்வுறுப்புரை வழங்குகின்றது. கடன்கொடுத்தவராக வழக்கில் இணைந்துள்ள எவரும் இதனைக் கேட்டுப்பெறத் தயங்கலாகாது.

ஏட்டில் பெயர் இல்லை என்பதால் நிறுவனம் உறுதியாக உள்ளது என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. கோல்டன் கீ வைப்பாளர்களின் போராட்டம் அடிப்படை உரிமை மனுக்களாக உயர் நீதிமன்றத்தில் நடைபெற்றது. நிதிக் கம்பனியொன்றின் நெருக்கடி பெரும்பாலும் மத்திய வங்கியின் நடவடிக்கையாகவே முதலில் வெளிப்படுகின்றது. ஆகவே வைப்பிலிடுபவர், மத்திய வங்கி வெளியிடும் அனுமதிபெற்ற நிறுவனங்களின் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். வழக்கேடு நேற்றைய வீழ்ச்சியைச் சொல்லுமேயன்றி நாளைய வீழ்ச்சியைச் சொல்லாது.

கடனில் வீழ்ந்தவர் குற்றவாளியல்லர். நோயாலும் போராலும் பொருளாதார நெருக்கடியாலும் கடை மூடியவர்கள் எம்மிடையே எத்தனை பேர்! அவர்களை இழிவுபடுத்துவதற்காக இந்த ஏடுகள் பேணப்படவில்லை. மீண்டும் எழ முனைபவருக்கும், அடுத்தடுத்துப் புதிய பெயரில் புதிய கம்பனி தொடங்கி மக்களின் பணத்தை விழுங்குபவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் காட்டவல்லவை அவை. ஏடு மறைந்திருந்தால் பயனடைபவர் பின்னவர். நற்பெயரை இழப்பவர் முன்னவர்.

கம்பனிக் கலைப்பு, தனிநபர் வங்குரோத்து ஆகிய இரண்டினதும் வழக்கெண், பெயர், பிறப்பிக்கப்பட்ட கட்டளை, அதன் திகதி ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் மும்மொழிகளிலும் வெளியிடுவது நீதி அமைச்சுக்கோ கம்பனிப் பதிவாளர் திணைக்களத்துக்கோ பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. கடனிறுக்க வகையற்றோர் பற்றிய சட்டங்களைப் புதுப்பிப்பது குறித்து நெடுநாளாகப் பேசப்பட்டு வருகின்றது. அந்தப் பேச்சில் வங்கிகளின் குரலும் முதலீட்டாளர்களின் குரலும் தாராளமாகக் கேட்கின்றன. சிறுசேமிப்பாளரின் குரலும் கேட்க வேண்டும். அதுவரை, கையெழுத்திடுவதற்கு முன்னர் ஒரு நாளைச் செலவிட்டு மேற்சொன்ன வாசல்களைத் தட்டிப் பார்ப்பதே விவேகமாகும். ஆயுட்காலச் சேமிப்பைக் காப்பதற்கு ஒரு நாள் அதிகமன்று.