அப்டேட் முடிந்தது, கோப்புகள் எங்கே?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி, பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் நடக்கிறது. பாதியில் கரண்ட் போனாலோ, வட்டில் இடம் போதாமல் போனாலோ, திரையில் சுற்றும் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் காதில் விழுவது, “ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், சரியாயிடும்.” கணினி சரியாகிவிடும் என்பது உண்மைதான். பத்து வருடப் புகைப்படங்கள் என்னவாகும் என்பதுதான் கேள்வி.

கணினி கிளம்பவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று பொருளல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனைக்கும் மருந்து, சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு சின்னக் கோப்பை நீக்குவதுதான். பயனர்களின் ஆவணங்கள் வட்டில் அப்படியே இருந்தன.

கணினி கிளம்பியும் டெஸ்க்டாப் காலியாக இருந்தால்? 2020 பிப்ரவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு இது நடந்தது. விண்டோஸ் அவர்களை ஒரு தற்காலிகக் கணக்குக்குள் நுழைத்திருந்தது. பழைய கணக்கின் ஃபோல்டர், பெயர் மட்டும் மாறி, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. பெரிய பதிப்பு மாற்றங்களின்போது பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் பொதுவாகப் பத்து நாள் வைக்கப்படும். அதற்குள் செட்டிங்ஸ் வழியாகப் பழைய பதிப்புக்கே திரும்பலாம்.

உண்மையிலேயே கோப்புகள் அழிந்த சம்பவமும் உண்டு. 2018 அக்டோபர் 2-ல் வெளியான விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தவர்களின் கணினியில், சி டிரைவில் மிச்சமிருந்த பழைய ஃபோல்டரைத் தேவையற்றது என்று கருதி உள்ளிருந்த கோப்புகளோடு நீக்கியது. வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பயனர்கள் சிலர் இதைப் புகாராக எழுதியும் கவனிக்கப்படவில்லை. சில நாட்களில் வெளியீடு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-ல் திருத்தத்துடன் மீண்டும் வந்தது. பாதிப்பைப் புகார் செய்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்றது மைக்ரோசாஃப்ட். கோப்பை இழந்தவர்கள் அந்தக் கணினியை முடிந்தவரை பயன்படுத்தாமல் இருக்கும்படியும் கேட்டுக்கொண்டது.

பயன்படுத்தாமல் இருந்தால் என்ன லாபம்? அங்கேதான் அழகான ஒரு நுட்பம் இருக்கிறது.

ஒரு சமையலறையில் நூற்றுக்கணக்கில் எவர்சில்வர் டப்பாக்கள். எதன் மேலும் பெயர் இல்லை. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது கதவில் தொங்கும் நோட்டில் மட்டும்தான். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வட்டில் அந்த நோட்டுக்குப் பெயர் மாஸ்டர் ஃபைல் டேபிள். ஒரு கோப்பை அழித்தால் அதற்கான வரியில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்ற குறி விழுகிறது. அந்த டப்பாக்கள் காலி என்று இன்னோர் அட்டவணையில் பதிவாகிறது. அவ்வளவுதான். டப்பாவைத் திறந்தால் துவரம்பருப்பு உள்ளேயே இருக்கும், வேறு யாராவது அதில் சர்க்கரையைக் கொட்டும்வரை. சில நூறு பைட் மட்டுமே உள்ள குட்டிக் கோப்புக்கு டப்பாகூடக் கிடையாது. சிட்டிகைப் பெருங்காயத்தைத் தாளில் மடித்து நோட்டிலேயே ஒட்டியதுபோல, அது அட்டவணை வரிக்குள்ளேயே இருக்கும்.

நோட்டே கிழிந்துபோனாலும் வழி உண்டு. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது கடுகு, இது வெந்தயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டில்தான் தொடங்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் வட்டு முழுவதும் இத்தகைய தொடக்கங்களைத் தேடிப் படங்களை மீட்கிறது. ஆனால் கோப்பின் பெயர் நோட்டோடு போய்விட்டதால், மீண்டு வருபவை எல்லாம் வெறும் எண்களோடு வரும். ஒரே பருப்பு நாலைந்து அலமாரிகளில் சிதறி வைக்கப்பட்டிருந்தால் முழுதாகக் கிடைக்காது. பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக நிற்கும் படங்களின் கதை இதுதான்.

இவ்வளவும் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு. எஸ்.எஸ்.டி.யில் டப்பாக்கள் தட்டோடு பற்றவைக்கப்பட்டவை. கழுவாத டப்பாவில் புதிதாக எதையும் போட முடியாது. கழுவினால் முழுத் தட்டையும்தான் கழுவ வேண்டும். எனவே வேண்டியதை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் கழுவ முடியும். எது வேண்டாதது என்று எஸ்.எஸ்.டி.க்குத் தெரியாது, நோட்டு விண்டோஸின் கையில். அதனால் விண்டோஸ் 7 காலம் தொட்டு, கோப்பை அழித்தவுடனே ‘இந்த டப்பாக்கள் இனி வேண்டாம்’ என்ற டிரிம் கட்டளை வட்டுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு அவற்றைக் கேட்டால், இன்னும் கழுவாமல் இருந்தாலும், பெரும்பாலான எஸ்.எஸ்.டி.கள் வெறும் பூஜ்ஜியத்தைத்தான் நீட்டும்.

இந்த மீட்பு வேலைக்கு 40 ஆண்டு வரலாறு உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கோப்பை அழித்தால் பெயரின் முதல் எழுத்து மாறி, அதன் இடம் காலி என்று குறிக்கப்படும்; உள்ளடக்கம் அப்படியே இருக்கும். 1982-ல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட கருவித் தொகுப்பு அதை வைத்தே கோப்புகளை மீட்டது. பின்னர் வந்த டாஸ் 5 பதிப்பும், அழிந்த கோப்பின் முதல் எழுத்து என்னவென்று பயனரிடமே கேட்டது.

இன்றைய விளம்பரங்களோ ‘ஒரே கிளிக்கில் 100 சதவீத மீட்பு’ என்கின்றன. டிரிம் போய்ச் சேர்ந்த எஸ்.எஸ்.டி.யில் அந்த வாக்குறுதிக்கு எந்த அடிப்படையும் இல்லை. அதைவிடக் கவலை தருவது, அந்த மென்பொருளை அதே சி டிரைவில் இறக்கி நிறுவச் சொல்வது. தேடப்படும் பருப்பின் மேலேயே சர்க்கரையைக் கொட்டும் வேலை அது. தோற்றுப்போன அப்டேட்டை மறுபடி மறுபடி ஓட்டுவதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் பல ஜிபி புதிதாக எழுதப்படுகிறது.

ஆகவே பழுதுபார்ப்பதற்கு முன் நகல் எடுக்க வேண்டும். வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பழுதான கணினியைக் கிளப்பினால், விண்டோஸைத் தொடாமலே யூசர்ஸ் ஃபோல்டரை வெளி வட்டுக்கு நகலெடுக்கலாம். கோப்புகள் அழிந்தே போயிருந்தால் மீட்பு மென்பொருளையும் இப்படி வெளியிலிருந்தே ஓட்டலாம். பிறகு ஸ்டார்ட்அப் ரிப்பேர், அப்டேட்டை நீக்குதல், கடைசியாக ஃபார்மேட்.

இதற்குத் தடையாக வரக்கூடியது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர். வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் லினக்ஸாலும் உள்ளே பார்க்க முடியாது. 2024 ஜூலை கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறின்போதும் பல அலுவலகங்களில் இந்த எண்ணைத் தேடியே நேரம் போனது. பல புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முறை நுழைந்தவுடன் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. எண் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். அடுத்த அப்டேட்டுக்கு ‘சரி’ கொடுப்பதற்கு முன் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது.