இலங்கையில் ஒரு மலாய் மொழி

இலங்கை முஸ்லிம்கள் என்றதும் தமிழ் பேசும் சோனகர்களே நம் நினைவுக்கு வருவர். அன்பு வாசகர்களே! வீட்டில் மலாய் பேசும் முஸ்லிம்களும் அங்கு வாழ்கின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்களா? 2012-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாய் இனத்தவர் 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர்.

இவர்களின் முன்னோர் டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரர்களாகவும், நாடு கடத்தப்பட்ட பிரபுக்களாகவும், அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். பின்னர் ஆங்கிலேயரின் படையிலும் பணியாற்றினர்.

தமிழோடும் சிங்களத்தோடும் கலந்து பழகியதால் அவர்களின் மொழி புது வடிவம் பெற்றது. மலேசிய மலாயில் 'நான் உண்டேன் சோறு' என்னும் வரிசையில் 'சாயா மாக்கான் நாசி' என்பர். இலங்கை மலாயிலோ நம் தமிழைப் போலவே வினைச்சொல் இறுதியில் வரும். 'வீட்டுக்கு' என்பதற்கு மலேசியாவில் 'கெ ரூமா' என்று முன்னே சேர்ப்பர்; இலங்கையில் நம் 'கு' உருபைப் போல 'ரூமா-நங்' என்று பின்னே சேர்ப்பர். பன்மைக்கு 'அனாக்-அனாக்' (பிள்ளைகள்) என்று சொல்லை இரட்டிப்பதற்குப் பதிலாக 'பட' என்னும் சொல்லை இறுதியில் இணைப்பர்.

ஒலியும் மாறியது. மீனைக் குறிக்கும் 'ஈக்கான்' அங்கே 'ஈக்காங்' ஆகும். தமிழில் உள்ளதுபோல் தகர டகர வேறுபாடும் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது.

எழுத்திலும் நமக்கு உறவு உண்டு. நம் முன்னோர் அரபுத்தமிழுக்காக அரபு எழுத்துகளோடு புதிய எழுத்துகளைச் சேர்த்தது போலவே, மலாய் மக்களும் ப, ச, ங முதலிய ஒலிகளுக்குப் புதிய எழுத்துகளை அமைத்து ஜாவி எழுத்தை உருவாக்கினர். அந்த எழுத்திலேயே பாபா யூனுஸ் சல்தீன் 1869-இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய் இதழை வெளியிட்டார்.

இன்று அம்மொழியின் நிலை என்ன? தென்கரையிலுள்ள கிரிந்தையில் சிறுவரும் அதைப் பேசுகின்றனர். கொழும்பிலோ பள்ளிக்கும் பிழைப்புக்கும் உதவும் சிங்களமும் ஆங்கிலமும் பல வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

சிந்தித்துப் பாருங்கள். வேற்று மொழிகளின் இலக்கணத்தை ஏற்றபோதும் அம்மொழி அழியவில்லை. முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தது. பெற்றோர் பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்திய வீடுகளில்தான் ஒரே தலைமுறையில் மறைகிறது. பிழைப்புக்காக அயல்நாடுகளில் குடியேறியுள்ள நம் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிள்ளைகள் வெளியே எம்மொழி பயின்றாலும், உணவு வேளையிலேனும் அவர்களிடம் தமிழில் உரையாடுங்கள்.