பழைய காரின் தன்னியக்கக் கியர்



பழைய மோட்டார்க் காரைப் பேணி ஓட்டுவோர், கியர் நேரத்துக்கு மாறுவதில்லை, மாறினாலும் இடித்துக்கொண்டு மாறுகிறது என்று குறைப்படுவதுண்டு. கியர்ப்பெட்டியைக் கழற்றவேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. அதற்காகும் செலவோ பெரிது. அதற்கு இணங்குமுன் செய்யத்தக்க சில சோதனைகளை இன்று நோக்குவோம்.

தானே மாறும் கியரைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்து முதன்முதலில் விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது இடம்பெற்றது. அந்நிறுவனமே 1964ஆம் ஆண்டு மாதிரிக் கடிலாக் கார்களில் புகுத்திய டேர்போ ஹைட்ரமட்டிக் 400 என்னும் மூன்று கியர்ப் பெட்டியை உதாரணமாகக் கொள்வோம்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரைப் 'பார்க்' நிலையில் வைத்து, சூடேறிய எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலை எடுத்து நோக்கவேண்டும். நல்ல எண்ணெய் சிவந்திருக்கும். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. கறுத்துக் கருகிய வாடை வீசினால் உள்ளேயிருக்கும் கிளச்சுத் தட்டுகள் எரிந்துள்ளன எனலாம். எண்ணெய் குறைந்தால் கியர் வழுக்கும். மிகுந்தாலும் நுரைத்துக் கெடுக்கும்.

எண்ணெய் சரியாயிருந்தும் இடிப்பு நீங்கவில்லையா? கியர் மாறும் வேளையை இரண்டு செய்திகள் தீர்மானிக்கின்றன. காரின் வேகத்தைக் கவர்னர் என்னும் உறுப்பு தெரிவிக்கிறது. எஞ்சின் சுமக்கும் பாரத்தை மொடுலேற்றர் என்னும் சிறு உலோகக் குமிழ் உணர்த்துகிறது. எஞ்சினின் உறிஞ்சலை இக்குமிழுக்குக் கொண்டுவருவது ஒரு மெல்லிய குழாய். மிதியை மெல்ல மிதித்தால் உறிஞ்சல் வலுக்கும். ஊன்றி மிதித்தால் குன்றும்.

குழாயின் ரப்பர் முனை வெடித்துவிட்டால் உறிஞ்சல் குமிழை எட்டாது. ஓட்டுநர் மிதியை ஊன்றி மிதிக்கிறார் என்றே கியர்ப்பெட்டி கருதிக்கொள்ளும். ஆகவே கியர் காலந்தாழ்த்தி, இடித்துக்கொண்டு மாறும். பெட்டியில் குற்றமே இல்லை. விரல்நீள ரப்பர்த் துண்டை மாற்றினால் போதும்.

குமிழினுள்ளே உள்ள சவ்வு கிழிந்தாலோ, எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். புகைக்குழாயில் வெண்புகை எழும். நிலத்தில் ஒரு துளியும் சிந்தாமலே எண்ணெய் குறைந்துகொண்டு போகும். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின் குழாயைக் குமிழிலிருந்து கழற்றிப் பாருங்கள். குழாயினுள் எண்ணெய் காணப்பட்டால் குமிழை மாற்றவேண்டும். இதைக் கவனியாது ஓட்டினால், எண்ணெய் வற்றி, நல்ல கிளச்சுத் தட்டுகளும் கருகிப்போகும். அப்பொழுது பெட்டியைக் கழற்றியே தீரவேண்டும்.

கியர் மேலே மாறவே மறுத்தால் கவர்னர் இறுகியுள்ளதா என்று பார்க்கவேண்டும். அதனையும் பெட்டியைக் காரிலிருந்து இறக்காமலே கழற்றிச் சுத்தஞ்செய்யலாம்.

எண்ணெய், குழாய், குமிழ், கவர்னர் என்னும் இவ்வரிசையில் சோதித்து, இவற்றில் பிழை இல்லையென்று கண்ட பின்னரே பெட்டியைக் கழற்ற இசையுங்கள்.