எழுத்தும் வேட்பாளரும்

வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுதிய சொல் நிலைத்து நிற்கும். சமூக ஊடகப் பதிவும் எழுத்தே என்பதைச் சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் உணர்த்திற்று. பாட்டாளிக் கட்சியின் செங்காங் வேட்பாளர் ரயீசா கான், இனம், சமயம் தொடர்பாக முன்னர் இட்ட இரு பதிவுகள் குறித்துக் காவல்துறையில் புகார் செய்யப்பட்டது. வாக்களிப்புக்கு ஐந்தே நாள் இருந்தது. ஜூலை 5 அன்று அவர் செய்தியாளர்முன் மன்னிப்புக் கோரினார். கட்சியின் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங் உடன் நின்றார். ஜூலை 10இல் அக்குழு 52 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றது.

எனினும் மன்னிப்பு வேறு, சட்டம் வேறு. செப்டம்பரில் காவல்துறை அவருக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. பதிவை அழித்தாலும் அதன் படி பிறர் கையில் தங்கும். ஆதலின், வேட்பாளரை நிறுத்துமுன் அவர் எழுதியவற்றை ஆராய்தல் கட்சியின் முதற்கடன். பிழை வெளிப்படின் விரைந்து ஏற்றல் அடுத்த கடன். எழுதுமுன் எண்ணுதலோ யாவர்க்கும் உரிய கடனாம்.