நமது இணையதளம் யார் பெயரில் இருக்கிறது?



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் வரும் நேரம் அது. ஒரு தாயார் அலுவலகத்துக்கு வந்தார். மகள் ஒரு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள், ஒரு பதிலும் இல்லையே என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை. கடைசி நாள் நெருங்கும்போதுதான் எல்லோரும் அனுப்புவார்கள் என்று எண்ணி, பெட்டி காலியாகக் கிடந்ததை நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று டிரஸ்டின் இணையதளத்தைத் திறந்து பார்த்தால் ஏதோ விளம்பரப் பக்கம் வந்து நின்றது.

காரணம் எளிது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நமதூர்த் தம்பி ஒருவர், கல்லூரியில் படிக்கும்போது, ஆர்வத்தோடு அந்த இணையதளத்தை அமைத்துக் கொடுத்தார். கணக்கைத் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கி, இணையப் பெயருக்கு ஐந்து ஆண்டுப் பணத்தையும் சேர்த்துக் கட்டினார். டிரஸ்ட் அந்தத் தொகையை அவருக்குக் கொடுத்துவிட்டது. அத்துடன் எல்லோரும் மறந்துவிட்டோம். அவர் வேலைக்காக வளைகுடா சென்றார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அவர் பார்க்காத பழைய மின்னஞ்சலில் கிடந்தன. ஓ.டி.பி. போக வேண்டிய சிம் கார்டும் செயலிழந்துவிட்டது. அவர் அங்கிருந்து அடையாள ஆவணங்களை அனுப்பி, கணக்கைத் திறந்து, பெயரை மீட்டுத் தருவதற்குள் மேலும் நான்கு நாட்கள் போயின. விண்ணப்பத் தேதியை நீட்டித்து, பிள்ளைகளின் விண்ணப்பங்களைக் கையில் மீண்டும் வாங்கினோம்.

தவறு அந்தத் தம்பியுடையது அல்ல. ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட விசாரிக்காத எங்களுடையது. இன்று நமதூரில் பள்ளிக்கூடம், மதரஸா, துணிக்கடை, டிராவல்ஸ் என்று பலரும் சொந்த இணையதளமும் மின்னஞ்சலும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த நிலை வரக்கூடாது என்பதற்காக, நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மூன்றும் வேறு வேறு

இணையதளம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. முதலாவது டொமைன், அதாவது நமது இணையப் பெயர். இரண்டாவது ஹோஸ்டிங். நமது பக்கங்களும் படங்களும் இருக்கும் சர்வரில் நாம் வாடகைக்கு எடுக்கும் இடம் அது. மூன்றாவது அந்தப் பெயரில் இயங்கும் மின்னஞ்சல். மூன்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். எப்படி வாங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் தனித் தவணைத் தேதி இருக்கக்கூடும்.

இவற்றுள் பெயர்தான் ஆணிவேர். ஹோஸ்டிங் போய்விட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். பெயர் போனால் இணையதளமும் நிற்கும், மின்னஞ்சலும் நிற்கும். நோட்டீஸிலும் ரசீதிலும் அச்சடித்த முகவரி அனைத்தும் வீணாகும்.

தவணை தவறினால் என்ன நடக்கும்?

டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு ஐகான் என்னும் உலக அமைப்பு விதிகளை வகுத்திருக்கிறது. பெயரை விற்ற நிறுவனம், முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். முடிந்த பிறகும் புதுப்பிக்காவிட்டால் 5 நாட்களுக்குள் மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்குப் பின் பல நிறுவனங்கள் சில வாரங்கள் சலுகைக் காலம் தருகின்றன. அது எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 45 நாட்களுக்கு மேல் போகாது. அதுவும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதற்கும் பிறகு 5 நாட்களில் பெயர் அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும்.

இதில் மிகப்பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நமது பழைய பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால், நமக்கு வரும் கடிதங்களை அவரே பெறலாம். நமது பெயரில் நன்கொடையும் கேட்கலாம். உதவி கேட்டு எழுதும் குடும்பங்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் அந்நியர் கைக்குப் போகும். மக்கள் நம்மை நம்பி ஒப்படைக்கும் விவரங்கள் அமானிதம் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

பெயரின் உரிமையாளர் என்ற இடத்தில் தனிநபர் பெயர் இல்லாமல் அமைப்பின் பெயரோ கடையின் பெயரோ இருக்க வேண்டும். தொடர்பு எண்ணாக, அலுவலகத்தில் எப்போதும் இருக்கும் கைபேசி எண்ணைக் கொடுங்கள்.

கணக்கின் தொடர்பு மின்னஞ்சலாக, அதே இணையப் பெயரில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். பெயர் முடங்கினால் அந்த மின்னஞ்சலும் முடங்கும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். இதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில் முகவரி தொடங்கி, இரண்டு பொறுப்பாளர்கள் பார்க்கும்படி செய்யுங்கள்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வைக்கலாம். ஆனால் கார்டு காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். ஆகவே முடியும் தேதியை அலுவலகக் காலண்டரிலும் எழுதி வையுங்கள். டாட் காம், டாட் ஆர்க் பெயர்களை 10 ஆண்டுகள் வரை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கி, அவசரத்துக்கான மீட்புக் குறியீடுகளை அச்சடித்து, பத்திரங்கள் இருக்கும் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.

மின்னஞ்சலை அமைப்பது

பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் சிபேனல் அல்லது அதைப் போன்ற ஒரு நிர்வாகப் பலகையைத் தருகின்றன. அதில் மின்னஞ்சல் கணக்குகள் என்ற பகுதியில் புதிய முகவரிகளை உருவாக்கலாம். ஆள் பெயரில் அல்லாமல் பொறுப்பின் பெயரில் முகவரி வையுங்கள்: அலுவலகம், கல்வி, கணக்கு என்பது போல. பொறுப்பாளர் மாறினால் கடவுச்சொல்லை மாற்றினால் போதும், முகவரி மாறாது. ஒவ்வொரு முகவரிக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். கொள்ளளவையும் கவனியுங்கள். பெட்டி நிறைந்துவிட்டால் புதிய கடிதங்கள் திரும்பிப் போகும்.

கைபேசியில் அந்த மின்னஞ்சலைச் சேர்க்கும்போது ஐமேப், பாப் என்று இரண்டு வழிகள் கேட்கும். ஐமேப் முறையில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், அலுவலகக் கணினியிலும் கைபேசியிலும் ஒன்றுபோலத் தெரியும். பாப் முறையில் ஒரு கருவி கடிதங்களை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடும். பலர் பார்க்கும் பெட்டிக்கு ஐமேப்தான் ஏற்றது. பாதுகாப்பான இணைப்புக்குப் பெறும் போர்ட் எண் 993. அனுப்பும் போர்ட் எண் 465 அல்லது 587. பயனர் பெயர் என்ற இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரியையும் எழுத வேண்டும். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மின்னஞ்சலை மட்டும் கூகுள் போன்ற வேறு நிறுவனத்தில் வைத்துக்கொள்வோரும் உண்டு. தகுதியுள்ள, சரிபார்க்கப்பட்ட தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் இந்தச் சேவையை இலவசமாகவே தருகிறது. அப்படிச் செய்தால் கடிதம் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை மாற்ற வேண்டும். சிபேனலில் மின்னஞ்சல் வழி என்ற இடத்தில், அஞ்சல் வெளியே இருக்கிறது என்றும் குறிக்க வேண்டும். இதை மறந்தால் வெளியிலிருந்து வரும் கடிதங்கள் சரியாக வரும், நமது இணையதளப் படிவத்தில் நிரப்பியவை மட்டும் பழைய பெட்டிக்குள் விழுந்து கிடக்கும்.

நாம் அனுப்புவது ஸ்பேமில் விழாமல் இருக்க

நமது பெயரில் யார் வேண்டுமானாலும் கடிதம் அனுப்புவது போல நடிக்க முடியும். அதைத் தடுக்க மூன்று பதிவுகள் உள்ளன. நமது பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று எஸ்.பி.எஃப். சொல்கிறது. டிகிம் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு முத்திரை வைக்கிறது. இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று டிமார்க் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும், முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எல்லா அனுப்புநர்களிடமும் எதிர்பார்க்கின்றன. மூன்றையும் வைப்பதே நல்லது.

சிபேனலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குறையைக் காட்டும், பழுது நீக்கு என்று அழுத்தினால் பெரும்பாலும் சரிசெய்தும் விடும். ஒரு பெயருக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாமல் போகும். அமைத்து முடித்ததும் ஒரு ஜிமெயில் முகவரிக்குக் கடிதம் அனுப்பி, அங்கிருந்து பதிலும் வரவழைத்துப் பாருங்கள்.

மாறும்போதும் மோசடியிலும் கவனம்

ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும் முன் பழைய கடிதங்களையும் இணையதளக் கோப்புகளையும் நகலெடுத்து, எம்.எக்ஸ். முதலான பதிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் கடிதம் வருவதை உறுதி செய்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.

"உங்கள் டொமைன் இன்று முடிகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று வரும் போலி மின்னஞ்சல்களும் உண்டு. அதில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். வழக்கமான முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, கணக்குக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பணம் இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கடை அல்லது அமைப்பின் இணையப் பெயர் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, ஓ.டி.பி. யார் கைபேசிக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும், அமைத்துக் கொடுத்தவர் தொடர்பில் இருக்கும்போதே கேட்டுச் சரிசெய்துவிடுங்கள். வழி தெரியாதவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். கூடவே அமர்ந்து பார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். கடவுச்சொல்லை மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.